காருக்கு வீட்டிலேயே பாலிஷ்: அடிக்கடி வரும் சந்தேகங்களும் பதில்களும்

கார்ப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பெயின்ட் பற்றிய கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறோம். நம் ஊர் வெயில், போர் தண்ணீர், அபார்ட்மென்ட் பார்க்கிங் ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் எல்லா அளவும் சொல்லப்பட்டிருக்கிறது.

1. பாலிஷ் போடும்போது பெயின்ட்டுக்கு உண்மையில என்னதான் ஆகுது?

தேய்கிறது. பலரும் பாலிஷ் என்றால் மேலே எதையோ பூசுவது என்று நினைக்கிறார்கள். பூசுவது வாக்ஸும் கோட்டிங்கும். பாலிஷ் என்பது மிக நுண்ணிய தூளால் மேற்பரப்பைச் சீவி, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பை இறக்குவது. கீறல் நிரம்புவதில்லை. அதைச் சுற்றியிருந்த மேடு போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

கம்பெனி பெயின்ட்டின் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது, வெயிலைத் தாங்கும் சக்தியும் அதில்தான். நாம் தேய்ப்பது அதைத்தான். கம்பெனி ஒருமுறை கொடுத்த முதல் அது, திரும்ப வளராது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

2. வண்டியை எங்கேயும் உரசவே இல்லை. ஆனா வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கோடா இருக்கே?

கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த கோடுகள் அவை. காலையில் அரை பக்கெட் தண்ணீரில் பழைய பனியனை நனைத்து, ஒரே துணியால் பத்து வண்டியைத் துடைக்கும் வழக்கம் இதற்கு முதல் காரணம். முந்தின வண்டியின் டயர் ஓரத்து மண் உங்கள் பானெட்டுக்கு வந்து சேர்கிறது. காய்ந்த தூசியை நீளக் குஞ்சம் வைத்த டஸ்டரால் தட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கோடுகள் எல்லாத் திசையிலும் இருக்கும். விளக்கைச் சுற்றி வரும் கோடுகள் மட்டும் ஒளியைத் திருப்புவதால் வட்டம் போலத் தெரிகிறது. வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று நினைத்து நேராகத் துடைத்தாலும் கோடு விழத்தான் செய்யும். மண் இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

3. அப்போ சரியாக் கழுவுறதுன்னா எப்படி?

நிழலில், பானெட் ஆறிய பிறகு. முதலில் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழே அடித்து, தொடாமலேயே போகிற மண்ணைப் போக்கிவிடுங்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பேனலைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் விட வேண்டும். பக்கெட் அடியில் கிரிட் கார்டு என்ற பிளாஸ்டிக் வலைத்தட்டு வைத்தால் இறங்கிய மண் மேலே எழாது. ஷாம்பூ அளவு பாட்டிலில் இருக்கும். பெரும்பாலும் 10 லிட்டருக்கு இரண்டு மூன்று மூடி போதும்.

வரிசை: ரூஃப், கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, டிக்கி, கடைசியில் கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு பக்கெட். பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்தது, மேலே போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். கடைசியில் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து வைத்து மெதுவாக இழுத்தால் தண்ணீர் வந்துவிடும், அழுத்தவே வேண்டாம்.

4. அபார்ட்மென்ட்ல ஹோஸ் பைப் விட மாட்டாங்க. ஒரு பக்கெட் தண்ணிதான். நான் என்ன பண்றது?

ரின்ஸ்லெஸ் வாஷ் என்று கேட்டு வாங்குங்கள். இதைத் தண்ணீரில் கலந்தால் தூசித் துகளைச் சுற்றி வழவழப்பாகப் படிந்து தூக்கிவிடும், அலசத் தேவையில்லை. ஒரு பக்கெட்டில் 8 லிட்டர் கரைசல், அதில் 8 மைக்ரோஃபைபர் துணிகள். ஒரு துணியை எடுத்து நாலாக மடித்தால் எட்டு பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தால் ஒரே இழுப்பு, பிறகு அடுத்த பக்கம். அழுக்கான துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. துடைப்பதற்கு முன் அதே கரைசலைக் கைப்பம்பால் பேனல் மேல் அடித்து இரண்டு நிமிடம் ஊறவிட்டால் இன்னும் நல்லது.

மழையில் போய் வந்து சேறு அப்பியிருக்கும் வண்டிக்கு இது ஆகாது. அன்றைக்கு வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்லி, அவர்கள் துணியை வண்டி மேல் வைக்க விடாமல் கொண்டுவாருங்கள்.

5. கழுவி முடிச்சதும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி நிக்குது. தேய்ச்சாலும் போகலை.

போர் தண்ணீரின் உப்பு அது. தண்ணீர் ஆவியாகிறது, கால்சியமும் மக்னீசியமும் அங்கேயே தங்குகின்றன. டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1000-ஐத் தாண்டும் தண்ணீரை வைத்துச் சென்னையில் பல வீடுகளில் வண்டி கழுவுகிறார்கள். புதிய புள்ளி என்றால் கடையில் விற்கும் சாதா வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் மேலே வைத்து எடுங்கள். உடனே ஷாம்பூத் தண்ணீரால் கழுவ வேண்டும். வெயிலில் செய்யாதீர்கள், காயவும் விடாதீர்கள். குரோமிலும் வெறும் உலோகத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினிகருக்கும் போகாமல், நகத்தால் தடவினால் சின்னப் பள்ளம் போல வட்டம் தெரிந்தால், உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான், 16-ஆம் கேள்வியைப் பாருங்கள். வராமல் தடுக்க, கடைசி அலசலுக்கு மட்டும் 5 லிட்டர் நல்ல தண்ணீர் ஒதுக்கினால் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு ஏறக்குறைய கிடையாது. துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

6. ஆர்.ஓ. மெஷின் வேஸ்ட் தண்ணியில கழுவறேன். மிச்சம்தானே?

வீணாகாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரி, வண்டி அதற்கு இடமில்லை. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது, உங்கள் குழாய்த் தண்ணீரை விட அது கடினம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

7. காக்கா எச்சம் பட்டு ஒரே நாள்தான் ஆச்சு, அடையாளம் விழுந்துடுச்சு. அவ்வளவு ஆசிடா?

அமிலமும் இருக்கிறது, அதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மதியம் பானெட் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. சாயந்திரம் பெயின்ட் ஆறிச் சுருங்கும்போது, இறுகிய எச்சத்தின் வடிவத்தையே அது வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு பகல் போதும்.

காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது, அதில் மண்ணும் விதையும் இருக்கும். டிஷ்யூவை நனைத்து மேலே போட்டு ஐந்து நிமிடம் விட்டால் ஊறி, தூக்கினாலே வந்துவிடும். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும்.

8. ஆயுத பூஜைக்கு வைச்ச சந்தனம், குங்குமம் கறை போக மாட்டேங்குது.

மஞ்சள் கறை என்றால் பயம் வேண்டாம், வெயிலிலேயே சில நாளில் வெளுக்கும். குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பாகத் தங்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர் கலந்து துடைத்துப் பாருங்கள், மிச்சத்தை மென்மையான பாலிஷ் எடுக்கும். காய்ந்த சந்தனத்தை விரலால் உதிர்ப்பதுதான் பெரிய கெடுதல், அது உப்புத்தாள் போலக் கீறும். ஊறவைத்துக் கழுவுங்கள்.

திருஷ்டிக்கு எலுமிச்சைச் சாற்றை பானெட்டில் பிழிந்திருந்தால் வெயில் ஏறுவதற்குள் அலசிவிடுங்கள். அடுத்த வருடம் பொட்டு வைக்க நம்பர் பிளேட்டும் கண்ணாடியும் இருக்கின்றன. பூஜைக்கும் குறையில்லை, பெயின்ட்டுக்கும் கேடில்லை.

9. மாமரத்தடியில நிறுத்தினா பிசுபிசுன்னு ஒட்டுது. மரத்துப் பிசினா?

பூக்கும் காலம் என்றால் அது பெரும்பாலும் பிசின் அல்ல. தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் தேன்கசிவு. சர்க்கரைதான் என்பதால் வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணீருக்குப் போகும். நாள்பட விட்டால் அதன் மேல் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். உண்மையான பிசினுக்கு ஆல்கஹால் கலவை. கதவின் கீழே தெறித்த ரோட்டுத் தாருக்கு டார் ரிமூவர், துணியில் ஊற்றி ஒரு நிமிடம் ஒற்றி வைத்து எடுக்க வேண்டும்.

10. டூத்பேஸ்ட் போட்டா கோடு போகுமாமே? மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா புதுசு மாதிரி இருக்கே?

டூத்பேஸ்ட்டிலும் தேய்க்கும் தூள் இருக்கிறது, அதனால் லேசான கோடு மங்கும். ஆனால் அந்தத் தூள் பல்லுக்காக அளவிட்டது. ஒரு கோட்டை எடுத்துச் சுற்றிலும் மங்கலான வட்டத்தை விட்டுவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் எதையும் சரிசெய்வதில்லை. எண்ணெய்ப் படலம் கீறலுக்குள் நிற்கும்வரை பளபளக்கும், பிறகு அதே படலம் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். கதவு ரப்பர் பீடிங்கும் ஊதி இளகும். தேங்காய் எண்ணெய் கருப்பு பிளாஸ்டிக்கில் ஒரு வாரம் அழகாக இருக்கும், அதற்கப்புறம் மண் அப்பிக்கொள்ளும்.

11. கிளே பார் கட்டாயமா? ஷாம்பூ போட்டாச்சே.

மெல்லிய கேரி பேக்குக்குள் விரலை விட்டு, கழுவிய பானெட்டை மெதுவாகத் தடவுங்கள். சொரசொரவென்றால் கிளே தேவை, ஒட்டியதைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி அது. பிரேக் தூசியின் இரும்புத் துகள், பெயின்ட் தெறிப்பு, சிமென்ட் துளி எல்லாம் ஷாம்பூவுக்குப் போகாமல் பெயின்ட்டில் குத்தி நிற்கும். அவற்றை எடுக்காமல் பாலிஷ் போட்டால் அவை பாலிஷ் தேய்க்கும் பஞ்சுத் தட்டான பேடில் சிக்கிப் புதுக் கோடு போடும்.

முதலில் அயர்ன் ரிமூவர் அடியுங்கள், இரும்பு இருந்தால் ஊதா நிறமாக வழியும். காய்வதற்குள் அலசுங்கள். பிறகு 50 கிராம் கிளேவைக் கையில் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, எடையே இல்லாமல் வழுக்கவிடுங்கள். சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. ஒவ்வொரு பேனலுக்கும் மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்த கிளேவை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். கிளே தானும் லேசாகக் கோடு விடும், அதனால் பாலிஷுக்கு முன் மட்டும் போடுவது நல்லது.

12. இந்தக் கீறல் பாலிஷ்ல போகுமா, போகாதா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

நகத்தைக் குறுக்கே இழுங்கள். சிக்கினால் பாலிஷில் முழுதாகப் போகாது. ஓரம் மழுங்கி முன்னை விடக் குறைவாகத் தெரியும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டதும் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள் இருக்கிறது, நல்ல செய்தி. தண்ணீர் பட்டும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, அதற்கு டச்-அப் பெயின்ட்தான். சாவியால் இழுத்த கோட்டை அழிக்கிறேன் என்று ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பதால்தான் கிளியர் கோட் போகிறது.

13. கையால தேய்ச்சாப் போதாதா? மெஷின் வாங்கணுமா?

கைப்பிடி ஓட்டைக்குள் விழும் நகக்கீறல், தூண் போன்ற சின்ன இடங்களுக்குக் கை போதும். முழு வண்டிக்கும் கையால் சமமான அழுத்தம் வராது, ஒரு பானெட்டிலேயே தோள் விட்டுப்போகும்.

மெஷின் என்றால் டூயல் ஆக்ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ. பேட் சுழலவும் செய்யும், ஆடவும் செய்யும், அதனால் சூடு ஒரே இடத்தில் குவியாது. முதல் மெஷினுக்கு 15 மி.மீ. த்ரோ (பேட் ஆடும் அகலம்), 5 இன்ச் பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு) எடுங்கள். ரூபெஸ் நிறுவனம் பிரபலமாக்கிய 21 மி.மீ. வகை பெரிய தட்டையான பேனலில் வேகமாக முடிக்கும், ஆனால் சின்ன ஹேட்ச்பேக்கின் வளைவுகளில் பேட் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் பார்க்கும் ரோட்டரி அதிகம் வெட்டும், அதே அளவுக்குச் சீக்கிரம் எரிக்கும். டிரில்லிங் மெஷினில் பஞ்சு மாட்டுவதும் ரோட்டரிதான், அதிலும் பிடிப்பு இல்லாத ரோட்டரி. அது வேண்டாம்.

14. எந்த பேட், எந்த காம்பவுண்ட்? கடையில பத்து கலர் இருக்கு.

பேட் நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டும், இன்னொன்றின் ஆரஞ்சு மெருகேற்றும். கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்ற பெயரைப் பாருங்கள். ஒரு ஹேட்ச்பேக்குக்குக் கட்டிங் 3, பாலிஷிங் 3, ஃபினிஷிங் 1 இருந்தால் தடையில்லாமல் போகும். ஒரே பேடை வைத்து முழு வண்டி முடித்தால் பாதியிலேயே அது கரைந்த பெயின்ட்டால் நிரம்பிவிடும். பாலிஷை விட அதிகம் வெட்டும் காம்பவுண்ட் கால் லிட்டர் தாராளம்.

வாங்கியதில் மென்மையானதிலிருந்து ஆரம்பியுங்கள். பானெட்டில் ஒரு முழம் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் கட்டி, பாலிஷிங் பேடும் மென் பாலிஷும் வைத்து ஒரு சுற்று போட்டுப் பாருங்கள். 80 சதவீதம் கோடு போனால் முழு வண்டிக்கும் அதுவே. போகாவிட்டால் மட்டும் கட்டிங் பேட், அதற்கும் போகாவிட்டால் காம்பவுண்ட். மிச்சம் 20 சதவீதத்தை விட்டுவைக்க மனம் வர வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன 35 முதல் 50 மைக்ரானில் அதற்கும் விலை இருக்கிறது.

15. என் கார் கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட்டானு எப்படித் தெரியும்?

வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து மறைவான இடத்தில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் இப்படி இருக்கும். வெளுத்துப்போன சிவப்பு, பாலிஷில் அழகாகத் திரும்பி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் நிறமே குறைகிறது. கிளியர் கோட் இருக்கும் வண்டியில் திடீரென்று பேடில் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள், நிற அடுக்கைத் தொட்டுவிட்டீர்கள்.

16. சரி, மெஷின் வந்துடுச்சு. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.

கழுவி, கிளே போட்டு, காயவைத்த வண்டியை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். காலை 6 முதல் 10, இல்லையென்றால் மாலை 5-க்கு மேல். உள்ளங்கையை பானெட்டில் வைத்துப் பத்து எண்ணும்வரை சுகமாக வைக்க முடிய வேண்டும். எம்பளம், கண்ணாடி ரப்பர், கருப்பு பிளாஸ்டிக், கதவின் கூரான விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் அந்த வெள்ளை எளிதில் போகாது. மெஷின் ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள். கையில் மோதிரம், இடுப்பில் பெல்ட் பக்கிள் இருக்கக் கூடாது. மூக்குக்கு மாஸ்க் போடுங்கள்.

புது பேடில் முதல்முறை மட்டும் பாலிஷை விரலால் முகம் முழுக்க மெல்லத் தடவி ஊறவையுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டாணி அளவில் 3 அல்லது 4 சொட்டு. 45 செ.மீ. சதுரத்தில் பேடை ஒற்றி, வேகம் 1-இல் பரப்புங்கள். பிறகு 4 அல்லது 5-க்கு ஏற்றி, குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை, ஒவ்வொரு வரியும் முந்தின வரியைப் பாதி மூடும்படி. அப்படி 4 முதல் 6 நடை. கை வேகம் விநாடிக்கு 2, 3 செ.மீ. இருந்தால் போதும். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுவதை விட மெதுவாக. பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான், வேகமாக ஓட்டிவிட்டு காம்பவுண்ட் சரியில்லை என்கிறார்கள்.

அழுத்தம் என்பது மெஷின் எடையும் அதற்கு மேல் கொஞ்சம் கையும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுவிட்டால் பேட் வெறுமனே ஆடுகிறது, வெட்டவில்லை. அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேடைத் தட்டையாகப் பிடியுங்கள். கடைசி நடையில் கையின் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள்.

மைக்ரோஃபைபரால் துடைத்து, 8-ஆம் கேள்வியில் சொன்ன ஆல்கஹால் கலவையை அடித்து மறுபடி துடையுங்கள். எண்ணெய் போன பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், டியூப் லைட்டில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஒருவருக்கு 8 முதல் 10 மணி நேரம் ஆகும், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

17. பாலிஷ் போடும்போதே வெள்ளைத் தூளாப் பறக்குது, துடைச்சா ஒட்டிக்குது.

பேனல் சூடு முதல் சந்தேகம். பாலிஷில் இருக்கும் எண்ணெயும் தண்ணீரும் சீக்கிரம் போய்த் தூள் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்தது, சொட்டு அதிகம் அல்லது பேட் அடைத்துவிட்டது. ஒட்டியதை அழுத்தித் துடைத்தால் புதுக் கோடு விழும். அதன் மேலேயே ஒரு துளி புது பாலிஷ் வைத்து மெஷினை ஐந்து விநாடி ஓட்டினால் இளகிவிடும், பிறகு துடையுங்கள். வறண்ட பேடுக்கு ஒருமுறை தண்ணீர் பீய்ச்சுவதும் உதவும்.

18. கிளியர் கோட்டை எரிச்சுடுவேனோன்னு பயமா இருக்கு.

டிஏ-வில் தட்டையான இடத்தில் எரிப்பது கடினம். ஆபத்து விளிம்பிலும் பானெட்டின் உயர்ந்த மடிப்பிலும் இருக்கிறது. அங்கே பெயின்ட் இயல்பாகவே மெல்லிசு, பேடின் அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் குவியும். டேப் ஒட்டிவிட்டு, மிச்சத்தைக் கடைசியில் கையால் தொடுங்கள். பம்பரும் கவனம்: இரும்பு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது. அங்கே வேகம் ஒரு எண் குறைவு, நடை பாதி.

பழைய வண்டி வாங்கியிருந்தால் பெயின்ட்டின் கனம் அளக்கும் திக்னஸ் கேஜ் வைத்துப் பாருங்கள். 80 மைக்ரானுக்குக் கீழே வந்தால் காம்பவுண்ட் வேண்டாம், 200-க்கு மேல் என்றால் மறுபெயின்ட், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் கேஜ் வேலை செய்யாது.

19. கடையில பாலிஷ் போட்டேன். வெயில்ல நிறுத்தினா வில்லு வில்லா மேகம் மாதிரி ஆடுது. இன்னொருத்தர் போட்டது ரெண்டே வாரத்துல பழையபடி ஆச்சு.

முதலாவது ஹாலோகிராம். ரோட்டரியில் கம்பளிப் பேடு ஓட்டிவிட்டு, அடுத்த மென்மையான சுற்றைப் போடாமல் விட்டதன் அடையாளம். டிஏ, பாலிஷிங் பேட், மென் பாலிஷ், 4 நடை போட்டால் போய்விடும். இரண்டாவது, கோட்டை எடுக்கவே இல்லை. எண்ணெயும் நிரப்பியும் உள்ள கிளேஸ் போட்டுக் கோட்டை மூடியிருக்கிறார்கள், நாலு கழுவலில் அது போகும். வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு இடத்தில் ஆல்கஹால் கலவையால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

20. வருஷத்துக்கு எத்தனை தடவை பாலிஷ் போடலாம்?

கேள்வியை வாழ்நாளுக்கு எத்தனை என்று மாற்றிக்கொள்ளுங்கள். காம்பவுண்டும் பாலிஷும் சேர்ந்த ஒரு முழுச் சுற்று 3 முதல் 4 மைக்ரான் எடுக்கும். மென் பாலிஷ் மட்டும் என்றால் ஒன்றுக்கும் குறைவு. மொத்தத்தில் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது பத்திரம், இல்லையென்றால் வெயில் தாங்காமல் பின்னால் உரியும். அதாவது முழுச் சுற்று வண்டியின் ஆயுளில் இரண்டு முறை. நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மென் பாலிஷ் போடலாம், அதுவும் கோடு இருந்தால் மட்டும். 3-ஆம் கேள்வியில் சொன்னபடி கழுவுகிறவருக்கு அதுகூடத் தேவைப்படாது.

21. பாலிஷ் முடிஞ்சுது. வாக்ஸா, சீலன்ட்டா, செராமிக்கா?

கார்னோபா வாக்ஸ் பிரேசிலின் ஒரு பனைவகை இலையிலிருந்து வருவது. கருப்பிலும் அடர் சிவப்பிலும் அழகு கூட்டும், நம் வெயிலில் ஆறு வாரம் நின்றால் பெரிது. செயற்கை சீலன்ட் மூன்று நாலு மாதம் வரும். வெளியில் நிற்கும் வண்டிக்கு முதல்முறை வீட்டில் செய்பவர் சீலன்ட் போடுவதே எங்கள் சிபாரிசு, தப்பாகப் போனாலும் கழுவி எடுத்துவிடலாம்.

செராமிக் ஒன்றிரண்டு வருடம் நிற்கும், ஆனால் தவறு செய்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 50 செ.மீ. சதுரத்தில் தடவி, வானவில் நிறம் மின்னியதும் துடைக்க வேண்டும். 35 டிகிரி வெயில் நாளில் அது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். விட்டுப்போன இடம் கருத்த திட்டாக இறுகும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, 7 நாள் ஷாம்பூ கூடாது. அடியில் இருக்கும் கோட்டை அது மறைக்காது, அப்படியே பூட்டி வைக்கும்.

22. 9ஹெச் செராமிக் போட்டா சாவியால கீறினாக்கூட விழாதாமே? டீலர் டெஃப்லான் கோட்டிங் வேற சொல்றாங்க.

9ஹெச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. பென்சிலில் கடினமானதும் கோடு போடவில்லை என்று மட்டும் பொருள். கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான், சாவிக்கும் சரளைக்கல்லுக்கும் அது தடையே இல்லை. கல்லடியைத் தாங்குவது 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ள பிபிஎஃப் என்ற, பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம். செராமிக் தருவது அழுக்கு ஒட்டாமையும் சுலபமாகக் கழுவுவதும். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் அழகு, போர் தண்ணீரில் முத்து முத்தாக உப்புப் புள்ளியாகக் காயும். அதனால் 5-ஆம் கேள்வி செராமிக் வண்டிக்கு இன்னும் முக்கியம்.

உண்மையான டெஃப்லானைப் பாத்திரத்தில் படியவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கார் பெயின்ட் மேல் அது நடக்காது. அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் ஒரு சீலன்ட்தான். 21-இல் சொன்ன மாதக் கணக்கோடு ஒப்பிட்டு விலையை எடைபோடுங்கள்.

23. வெள்ளை வண்டிக்கு இதெல்லாம் தேவையா? மேட் ஃபினிஷுக்கு?

வெள்ளையில் கோடு தெரியாது, இருக்கும். அதில் தெரிவது மங்கலும் ஆரஞ்சுப் புள்ளியாக இரும்புத் துருவும்தான். எனவே 11-இல் சொன்ன அயர்ன் ரிமூவருக்கும் கிளேவுக்கும் முதலிடம், பாலிஷ் லேசாக. மேட் பெயின்ட்டில் பாலிஷ், கிளே, சாதா வாக்ஸ் எதுவும் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மேட் ஆக்க முடியாது.

24. கவர் போட்டு வைச்சா பெயின்ட் பத்திரம்தானே?

சுத்தமான வண்டி, காற்றில்லாத இடம், பல நாள் எடுக்காத வண்டி என்றால் சரி. தினமும் தூசி வண்டி மேல் கவரை இழுத்துப் போட்டு எடுப்பது 2-ஆம் கேள்வியின் பனியனை விட மோசம். மழையில் நனைந்த கவர் வெயிலில் புழுங்கினால் பெயின்ட்டில் வெளிர்த் திட்டு விழும்.

25. பேனல் ஒண்ணு புதுசா பெயின்ட் அடிச்சேன். எப்போ பாலிஷ், எப்போ கோட்டிங்?

பூத்தில் சூடேற்றி உலர்த்தியது என்றால் 30 நாள், சாதாரணக் காற்றில் உலர்ந்தது என்றால் 90 நாள் வரை வாக்ஸும் செராமிக்கும் வேண்டாம். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும். தூசி முண்டு இருந்தால் 2000, பிறகு 3000 கிரிட் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து பாலிஷ் போடுவது பெயின்டரின் வேலையிலேயே சேர்த்தி, டெலிவரிக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

26. ரூஃப்ல கிளியர் கோட் தோல் மாதிரி உரியுது. பாலிஷ் போட்டு நிறுத்த முடியுமா?

முடியாது. வெள்ளையாகத் தெரியும் ஓரம் கீழே பிடிப்பு விட்ட இடம், பேடு பட்டால் இன்னும் தூக்கிக்கொள்ளும். அந்த ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெஷினை நிறுத்துங்கள். உரிந்த இடத்தில் மட்டும் ஸ்ப்ரே கேன் அடித்தால் சுற்றுவட்டம் மேடாகத் தெரியும், ஓரமும் சீக்கிரம் உரியும். ரூஃப் முழுவதையும் தேய்த்து, நிறமும் கிளியரும் புதிதாக அடிப்பதுதான் வழி. எஸ்டிமேட் கேட்கும்போது பழைய கிளியரை முழுக்க எடுத்துவிட்டு அடிக்கிறார்களா, பூத்தில் சூடேற்றுகிறார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். வண்டி கைக்கு வந்ததும் 25-இல் சொன்ன நாள் கணக்கு ஆரம்பம்.